வெள்ளைக் கோடும் கரண்டிக் கணக்கும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்து திரும்பிய பிறகு, சாந்தோமை ஒட்டிய கடலோரக் குடியிருப்புகளான நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் ஆகியவற்றின் சந்துகளில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றியது. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து சாக்கடை ஓரமாகத் தூவிய கோடு. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோதும் அதே கோடு. 2020இல் கொரோனாத் தொற்றின்போது கோட்டுக்குப் பதில் வண்டிகள் வந்தன. பீய்ச்சுகுழல் கொண்டு சாலை, சுவர், நிறுத்தி வைத்த ஆட்டோ என்று வேறுபாடின்றி நனைத்துச் சென்றன. மூன்று பேரிடர்களிலும் அரசாங்கம் வந்துவிட்டது என்பதற்கு மக்கள் கண்ட முதல் அடையாளம் அந்த வெண்மையும், மூக்கைத் துளைக்கும் அந்த நெடியுந்தான்.

இந்த வெண்பொடிக்கு இருநூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதை நாம் பார்க்க விழைவது பொடிக்காக அல்ல. அதனோடு கூடவே பிறந்து வளர்ந்த 'அளவு' என்ற கருத்துக்காக. பொடி நம் தெருமுனை வரை வந்து சேர்ந்துவிட்டது. அளவு எங்கே தங்கிவிட்டது என்பதே கேள்வி.

நம் பள்ளிப் பாடநூல்கள் பிளீச்சிங் பவுடரைச் 'சலவைத்தூள்' என்று மொழிபெயர்த்துள்ளன. வரலாற்றின் தொடக்கம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. குளோரின் வாயுவை ஸ்வீடன் நாட்டு ஷீலே 1774இல் பிரித்தெடுத்தார். அது துணியை வெளுக்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலே 1785ஆம் ஆண்டளவில் கண்டார். வாயுவைக் கையாள்வது கடினம் என்பதால் அதை நீற்றிய சுண்ணாம்பில் ஏற்றிப் பொடியாக்கி, 1799இல் காப்புரிமை பெற்றார் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட். அதுவரை துணியைப் புல்வெளியில் விரித்து வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில், வெயிலில் காயவைத்து வெளுத்தார்கள். நம் வண்ணாரப்பேட்டைக்கு அப்பெயர் வந்ததும் கும்பெனியார் கப்பலேற்றிய துணிகளை அங்கே வெளுத்த மக்களால்தான். வண்ணாரப்பேட்டையின் வெயிலும் நீரும் செய்துவந்த வேலையை கிளாஸ்கோவின் ஒரு பொடி சில நாட்களில் முடித்துவிட்டது. நோய்க்கும் இதற்கும் அன்று எந்தத் தொடர்பும் இல்லை.

தொடர்பு நாற்றத்தின் வழியாக வந்தது. கெட்ட நாற்றமே நோயைப் பரப்புகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முழுதும் மருத்துவ உலகம் நம்பியது. நாற்றத்தைப் போக்கும் பொருள் நோயையும் போக்க வேண்டும் அல்லவா? 1820களில் பாரிசில் விலங்குக் குடல்களைப் பதப்படுத்தும் பட்டறைகளின் துர்நாற்றத்தை லபராக் என்ற மருந்தாளுநர் குளோரின் கரைசலால் அடக்கினார். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது, லண்டன் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளை இதே பொடியின் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். 1847இல் வியன்னாவில், பிரசவ விடுதியில் தாய்மார் காய்ச்சலால் மடிவதைக் கண்டு, மருத்துவர்கள் கைகழுவுவதற்குச் செம்மல்வைஸ் தேர்ந்தெடுத்ததும் இதுவே. பிணக்கூறாய்வு முடித்த கையின் நாற்றம் போகும் வரை கழுவ வேண்டும் என்பதே அவரது அளவுகோல். அந்த ஆண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த சாவு, ஜூனில் 2ஆகக் குறைந்தது. அளவுகோல் மூக்கு, பலனோ மெய்யானது. ஆனால் எல்லா நேரமும் மூக்கு இப்படி உதவுவதில்லை. நாற்றம் போன இடத்தில் கிருமி போயிருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.

இதைச் சோதனையால் நிலைநாட்டியவர் ராபர்ட் காக். பின்னர் கல்கத்தாவுக்கு வந்து காலராக் கிருமியை ஆராய்ந்த அதே காக். 1881இல் அவர் கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆந்த்ராக்ஸ் கிருமிகளின்மேல் சோதித்தார். மருத்துவமனைகளில் பெரும்புகழ் பெற்றிருந்த கார்பாலிக் அமிலத்தை எண்ணெயில் கரைத்தால் கிருமிகளை ஒன்றும் செய்வதில்லை என்று அதில் தெரிந்தது. பொருள் அதே பொருள், பெயரும் அதே பெயர். ஆனால் எதில் கரைந்திருக்கிறது, எவ்வளவு கரைந்திருக்கிறது, எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அது மருந்தாகவும் ஆகலாம், வெறும் வாசனையாகவும் ஆகலாம்.

இங்கே இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு குறிப்பிட்ட அளவு நீரில் எவ்வளவு மருந்து கரைந்துள்ளது என்பது செறிவு. மொத்தத்தில் எவ்வளவு செலுத்தினோம் என்பது டோஸ், மருந்தளவு. ஒரு சிட்டிகை உப்பை ஒரு தம்ளரில் போட்டாலும் ஒரு குடத்தில் போட்டாலும் போட்ட அளவு ஒன்றே, கரிப்பு வேறு. இதை நம் வீட்டுப் பெண்கள் அறியாதவர்கள் அல்லர். சித்த மருத்துவம் குன்றிமணி எடை, பண எடை என்று மருந்தை நிறுத்ததோடு நில்லாமல், தேனிலா வெந்நீரிலா என்று அனுபானத்தையும், உண்ண வேண்டிய நாட்களையும் சேர்த்தே சொல்லிற்று. அளவு, ஊடகம், காலம் என்ற மூன்றும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

செறிவு என்ற சொல் பற்றித் தமிழ் படித்தவர்களுக்கு ஓர் ஆர்வம் இருக்கும். தண்டியலங்காரம் கூறும் பத்துக் குணங்களில் முதலில் நிற்பது செறிவு, அடுத்தது தெளிவு. கலித்தொகையோ, சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்காத பண்புக்கே செறிவு என்று பெயர் சூட்டுகிறது. வேதியியலுக்குக் கலைச்சொல் ஆக்கியவர்கள் இதை நினைத்தார்களோ என்னவோ, பொருத்தம் வியப்பூட்டுகிறது. ஏனெனில் குளோரின் சேர்மங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவை. புதிய பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு அளவில் கிடைக்கும் குளோரின் இருக்கும். மூட்டையைத் திறந்து ஈரக்காற்றில் வைத்தால் அது நாளுக்கு நாள் குறையும். கடற்கரையை ஒட்டிய ஊரில் ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை. மூட்டையின்மேல் அச்சிட்ட எண் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது மெல்லச் சுண்ணாம்பாகிக்கொண்டிருக்கும். நிறம் மாறாது என்பதால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை.

மூன்றாவது காரணியான காலத்தைக் கணக்கில் கொண்டுவந்தவர் ஓர் இளம்பெண். லண்டன் லிஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரியட் சிக், 1908இல் கிருமியழிவின் விதிகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். மருந்து பட்டவுடன் கிருமிகள் எல்லாம் ஒருசேர மடிந்துவிடுவதில்லை. முதல் நிமிடத்தில் பத்தில் ஒன்பது மடிந்தால், எஞ்சியதில் பத்தில் ஒன்பது அடுத்த நிமிடத்தில் மடியும், அதில் எஞ்சியதில் பத்தில் ஒன்பது அதற்கடுத்த நிமிடத்தில். இப்படித் தேய்ந்துகொண்டே போகும் வரிசை அது. ஆகவே 'எவ்வளவு' என்ற கேள்வியோடு 'எவ்வளவு நேரம்' என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதே ஆண்டில் வாட்சன் என்பவர் செறிவையும் நேரத்தையும் இணைத்து ஒரு வாய்பாடு தந்தார். குளோரினில் செறிவைப் பாதியாக்கினால் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் போதும். கார்பாலிக் அமிலத்தின் கதை வேறு. அதைப் பாதியாக நீர்த்தால் 64 மடங்கு நேரம் தேவைப்படும். நம் ஊர்க் கறுப்புப் பினாயில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வாளித் தண்ணீரில் ஒரு மூடி பினாயில் ஊற்றி, தண்ணீர் பால்போல் வெளுத்தால் போதும் என்று நிறைவடைகிறோமே, அந்த வெண்மைக்கும் கிருமிக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதைவிடத் தொலைவானது.

'கூடினால் நல்லது' என்பதும் எப்போதும் உண்மையன்று. கைக்குத் தேய்க்கும் சாராயக் கரைசலில், தூய எரிசாராயத்தைவிட நூற்றுக்கு எழுபது, எண்பது என்று நீர் கலந்ததே திறம்பட வேலை செய்கிறது; கிருமியின் புரதத்தைக் குலைக்க அந்தச் சிறிது நீரும் வேண்டியிருக்கிறது.

இனிக் குடிநீருக்கு வருவோம். சென்னையின் குழாய்நீர் வரலாறு 1772இல் ஏழு கிணற்றில் தொடங்கிக் கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்குமே முதலில் பயன்பட்டது. 1872இல் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்தது. அங்கே மணல் வடிகட்டிகள் அமைந்தது 1914இல். நீரைத் தெளிவிக்கும் கலை நமக்குப் புதிதன்று. கலங்கிய நீர் தேற்றாங்கொட்டையால் தெளிவதைக் கலித்தொகைப் புலவர் உவமையாகவே ஆண்டிருக்கிறார். ஆனால் தெளிந்த நீர் வேறு, கிருமி நீங்கிய நீர் வேறு என்ற அறிவு நுண்ணோக்கிக்குப் பிறகே வந்தது. கிண்டியில் 1899இல் அம்மைப்பால் நிலையமாகத் தொடங்கி, சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பாரின் பெயர் தாங்கிய கிங் நிலையம், தடுப்பு மருந்துகளோடு நீர்ப் பகுப்பாய்வையும் தன் பணியாகக் கொண்டது. நாம் 2020இல் தமிழகத்தின் முதல் கொரோனாப் பரிசோதனைக்கூடமாக நாளேடுகளில் படித்ததும் இதே நிலையத்தைத்தான்.

1908 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெர்சி நகருக்கு நீர் வழங்கும் நிலையத்தில் ஜான் லீல் என்ற மருத்துவர் இந்தச் சலவைத்தூளின் கரைசலை இடைவிடாமல் சொட்டவிடத் தொடங்கினார். யாரிடமும் முன் அனுமதி கேட்கவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. துணி வெளுக்கும் நஞ்சை ஊர்க் குடிநீரில் கலந்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் தந்த விடை முழுவதும் அளவைப் பற்றியதே. அவர் கலந்தது பத்து லட்சம் பங்கு நீரில் ஒரு பங்குகூட இல்லை. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நஞ்சு எது என்பதை அளவே தீர்மானிக்கிறது என்று பாரசெல்சஸ் பதினாறாம் நூற்றாண்டில் எழுதியதை ஒரு வழக்குமன்றம் ஏற்றுக்கொண்ட தருணம் அது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஏழாண்டுகள் கழித்து அதே குளோரின் வேறு உருவில் வந்தது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மன் படை நூற்றைம்பது டன்னுக்கு மேற்பட்ட குளோரின் வாயுவைக் காற்றில் திறந்துவிட்டது. நான்கு நாள் கழித்து அந்தப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட படைகளில் நம் நாட்டு வீரர்கள் அடங்கிய லாகூர் டிவிஷனும் ஒன்று. அவர்களும் அந்த வாயுவில் சிக்கினார்கள். நச்சு வாயுவிலிருந்து வீரர்களைக் காக்கும் வழி தேடி லண்டனில் அமைந்த குழுவில் முன்னின்றவர்களுள் ஒருவர் ராணுவ மருத்துவர் வில்லியம் ஹாரக்ஸ். இந்தியாவில் பணியாற்றியவர். இவருடைய மகன், பிற்காலத்தில் தளபதியான பிரையன் ஹாரக்ஸ், பிறந்ததே ராணிக்கேத்தில்தான். குளோரினிலிருந்து வீரர்களைக் காக்கப் பாடுபட்ட அதே மனிதர், குளோரினைக் கொண்டே அவர்களைக் காலராவிலிருந்தும் குடற்காய்ச்சலிலிருந்தும் காக்க ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்தார். ஹாரக்ஸ் பெட்டி என்று பெயர் பெற்ற அது போர்முனையின் நீர்வண்டிகளுக்காகப் பிறந்து, பின்னர் இந்தியக் கிராமக் கிணறுகளுக்கு வந்து, மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவப் பாடத்தில் நிலைத்துவிட்டது.

இந்தப் பெட்டியைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். இதைவிட எளிமையான, இதைவிட நேர்மையான அளவுக்கருவி ஒன்றை நாம் அறிந்ததில்லை.

உள்ளே 200 மில்லிலிட்டர் கொள்ளும் வெள்ளைக் கிண்ணங்கள் ஆறு, உட்புறம் கோடிட்ட கறுப்புக் கிண்ணம் ஒன்று, தலைதட்டி எடுத்தால் 2 கிராம் பொடி கொள்ளும் கரண்டி, சொட்டுக்குழல், கண்ணாடிக் குச்சிகள், மாவும் அயோடைடும் கலந்த காட்டிக் கரைசல். கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டிப் பொடியைக் குழைத்துக் கோடு வரை நீரூற்றிக் கலக்க வேண்டும். வெள்ளைக் கிண்ணங்களில் கிணற்றுநீர். முதல் கிண்ணத்தில் கறுப்புக் கிண்ணக் கரைசல் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஆறாவதில் ஆறு. கலக்கிவிட்டு அரைமணி காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டுக் காட்டிக் கரைசல். குளோரின் மிச்சமிருக்கும் கிண்ணம் நீலமாகும்; மிச்சமில்லாதது நிறமின்றி நிற்கும். முதன்முதலில் தெளிவான நீலம் எந்தக் கிண்ணத்தில் தோன்றுகிறதோ அதுவே விடை. மூன்றாவது என்றால், நூறு காலன், அதாவது 455 லிட்டர் நீருக்கு மூன்று கரண்டி, 6 கிராம். கிண்ணத்துக்கு ஒரு சொட்டு எப்படியோ நூறு காலனுக்கு ஒரு கரண்டி அப்படி என்னும்படி குழலும் கரண்டியும் கிண்ணமும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை. தராசு வேண்டாம், கணக்கும் அதிகம் வேண்டாம்.

பெட்டி இங்கே செய்வது என்ன? தண்ணீரையே கேட்கிறது. நீரில் அழுக்கும் அங்ககப் பொருளும் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவு குளோரினை அவை முதலில் விழுங்கிவிடும். அவற்றின் பசி தீர்ந்த பிறகு எஞ்சுவதே கிருமிகளுக்கு. போட்டதில் பசியைக் கழித்தால் மிச்சம். அந்த மிச்சத்துக்கு எஞ்சிய குளோரின் என்று பெயர். அரைமணியிலிருந்து ஒரு மணிவரை கழிந்தபின் லிட்டருக்கு அரை மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. குழாய்முனையில் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த மேல்வரம்பு 5 மில்லிகிராம்.

சாந்தோமிலோ மயிலாப்பூரிலோ ஒரு பழைய வீட்டுக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு ஒன்றரை மீட்டர், நீர் நிற்கும் ஆழம் மூன்று மீட்டர். நீரின் அளவு ஏறத்தாழ 5,300 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பொடி என்று பொதுவாகச் சொல்லும் கைக்கணக்கின்படி 13 கிராம் போதும். வெள்ளநீர் புகுந்த கிணறாக இருந்து, பெட்டியின் மூன்றாம் கிண்ணம் நீலமானால், வேண்டியது 70 கிராம். ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு! கைக்கணக்கை நம்பியவர் பொடி போட்டோம் என்ற மனநிறைவோடு கிருமியையும் குடிப்பார். மறுபுறம், அச்சத்தில் அரைக் கிலோவைக் கொட்டுபவரின் கிணற்றில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் குளோரின் சேரும். அழுக்குக்குப் போக மிஞ்சுவதும் மேல்வரம்பை எளிதில் தாண்டிவிடும். இருவரும் பயன்படுத்தியது ஒரே பொடி.

வெள்ளைக் கோட்டுக்குத் திரும்பினால், அதன் நிலைமை இப்போது விளங்கும். சாக்கடை ஓரத்துச் சேறும் குப்பையும் அடங்காப் பசி கொண்டவை. உலர்ந்த பொடி கரைவதற்கு நீர் வேண்டும், தொட்டுக்கொண்டிருக்க நேரம் வேண்டும், வெயில் படாமலிருக்க வேண்டும். தெருவில் இம்மூன்றும் இல்லை. நாற்றம் சற்று அடங்கும், அவ்வளவே. 1858இல் லண்டன் நாடாளுமன்றத் திரைச்சீலை செய்த வேலையைத்தான் நம் தெருக்கோடும் செய்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் கேமிராவுக்கு நன்றாகத் தெரியும். கிணற்றில் கலந்த 70 கிராமை யாராலும் படம் பிடிக்க முடியாது.

2020இல் இந்தப் பார்வைக்குரிய தன்மை எல்லை மீறியது. மார்ச் மாத இறுதியில் உத்தரப்பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்துக் கிருமிநாசினிக் கரைசலைப் பீய்ச்சினார்கள். குழந்தைகளும் அதில் இருந்தனர். ஏப்ரல் முதல் நாளன்று திருப்பூர்ச் சந்தையொன்றின் வாயிலில் கிருமிநாசினிச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ஓரிரு நாட்களில் பல ஊர்கள் அதைப் பின்பற்றின. உள்ளே நுழைந்து கைகளை உயர்த்தி சில நொடிகள் நடந்தால் தூய்மை! அந்த மாதம் முடிவதற்குள் தமிழகப் பொதுச் சுகாதாரத்துறையே இவை வேண்டாம் என்றது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்மேல் கிருமிநாசினி தெளிப்பதால் கண், தோல், மூச்சுக்குழல் ஆகியவற்றுக்குத் தீங்கு என்று அறிவுரை வெளியிட்டது. மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் தெருக்களில் தெளிப்பதையும் பரிந்துரைக்கவில்லை. அழுக்கும் மண்ணும் குளோரினைச் செயலற்றதாக்கிவிடும் என்பதே அது கூறிய காரணம். நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் இத்தகைய சுரங்கங்களைத் தடைசெய்ய ஆணையிடுமாறு மத்திய அரசைப் பணித்தது.

சிக் அம்மையாரின் 1908 கணக்கைச் சுரங்கத்தில் பொருத்திப் பாருங்கள். கிருமியை அழிக்கும் செறிவில் தெளித்தால் கண்ணும் மூச்சும் தாங்கா. கண் தாங்கும் செறிவில் தெளித்தால், அந்தச் சில நொடிகள் கிருமிக்குப் போதா. இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான ஓர் இடமே இல்லை. போதாக்குறைக்கு, அந்தக் கிருமி இருந்ததோ மூச்சுக்குழலுக்குள், சட்டைமேல் அன்று. நூற்றாண்டுக்கு முன் வெளியான ஒரு வாய்பாட்டை எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு மாதக் கூத்தைத் தவிர்த்திருக்கலாம்.

எண்களின் இடைவெளியை ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்ப்பது பயன் தரும். குடிக்கும் நீரில் பத்து லட்சத்தில் அரைப் பங்கு. மேசை, கைப்பிடி போன்றவற்றைத் துடைக்க உலக சுகாதார நிறுவனம் சொன்னது 0.1 விழுக்காடு, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு. குடிநீரைப்போல் 2,000 மடங்கு. இந்திய வழிகாட்டுதல்களில் நாம் கேட்டுப் பழகிய 1 விழுக்காடு என்பது 20,000 மடங்கு. மூன்றையும் நாம் பேச்சில் 'பிளீச்சிங் கலந்த தண்ணீர்' என்ற ஒரே பெயரால் சுட்டுகிறோம். காற்றில் கலந்த வாயுவின் கணக்கு மேலும் வேறு. நீரில் பங்கு என்றால் எடைக்கு எடை. காற்றில் பங்கு என்றால் கனஅளவுக்குக் கனஅளவு. இரண்டு எண்களையும் ஒப்பிடலாகாது. காற்றில் பத்து லட்சத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை குளோரின் இருந்தாலே கண்ணும் மூக்கும் எரியும். முப்பது பங்கில் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும். நானூறு பங்கு அரைமணியில் உயிரைக் குடிக்கும்.

அந்த வாயு ஈப்ர் போர்முனையில் மட்டுமே கிடைப்பது என்று எண்ண வேண்டாம். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் அடுத்தடுத்து ஊற்றினால் அந்தச் சிறிய, சன்னல் இல்லாத அறைக்குள்ளேயே அது உண்டாகும். 'நன்றாகச் சுத்தமாகட்டும்' என்று இரண்டையும் சேர்ப்பவர்கள் நம்மில் பலர். சிறுநீர் தேங்கிய பொதுக் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால், அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்னும் எரிச்சலூட்டும் ஆவி வரும். கொட்டியவுடன் கண்ணில் நீர் வருவதற்குக் காரணம் மருந்து வேலை செய்வதல்ல, மருந்து வீணாகிக்கொண்டிருப்பது. முதலில் நீர்விட்டுக் கழுவி, பிறகு அளந்த கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அலசுவதே முறை. கடையில் வாங்கும் ஐந்து விழுக்காட்டுக் கரைசல் என்றால், தரை துடைக்க அதில் ஒரு பங்குக்கு 49 பங்கு நீர். 33 விழுக்காடு வீரியம் குறையாத பொடி என்றால், ஒரு லிட்டருக்கு 3 கிராம் அதே வேலையைச் செய்யும். 30 கிராம் ஒரு விழுக்காட்டுக் கரைசலாகிவிடும். பழைய மூட்டை என்றால் எந்தக் கணக்கும் செல்லாது. வெந்நீரில் கலக்கக் கூடாது. கலந்ததை மறுநாளுக்கு வைக்கவும் கூடாது.

இவ்வளவையும் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதில்தான் நம் நகரத்தின் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. அறிவுரைத் துண்டுப்பிரசுரம் வீட்டுக்காரர் கைக்கு வருகிறது. பொடியோ தூய்மைப் பணியாளரின் கைக்கு வருகிறது. துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தமிழக அரசு 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது நல்ல செயலே. ஆனால் சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்தத் தெருவிலும் காலையில் காணலாம்: பிளாஸ்டிக் வாளியில் பொடி, அதை அள்ளி வீச வெறுங்கை, முகத்தில் பெரும்பாலும் சேலைத் தலைப்போ கைக்குட்டையோ. துணி தூசியைக் கொஞ்சம் தடுக்கும். குளோரின் வாயுவைத் தடுக்காது. வியர்வை ஊறிய கையில் படிந்த பொடி அங்கேயே கரைசலாகிறது, எந்தச் செறிவில் என்று யாரும் அளப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்கு முதுகு காட்டி நின்று தூவும் பழக்கத்தை அவர்கள் தாமாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கடற்காற்று பகலில் திசை மாறும்போது அவர்களும் தெருவின் மறுமுனையிலிருந்து தொடங்குகிறார்கள்.